மூணு கால் ஆடாதாமே!

அமெரிக்காவில் பிள்ளை வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே கணக்குத்தான் சொல்வார்கள். முதல் மாதம் ஊர் சுற்றல். இரண்டாவது மாதம் கோயில், இந்தியக் கடை, பார்க். மூன்றாவது மாதம் பிறந்ததும் வீட்டில் எந்தக் கதவு கிறீச்சிடுகிறது, எந்தக் குழாய் சொட்டுகிறது என்று கண் தேட ஆரம்பித்துவிடும். திருச்சியில் 34 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவனுக்குச் சொல்லவே வேண்டாம்.

மகன் வீடு சிகாகோவுக்கு மேற்கே நேப்பர்வில்லில். பக்கத்து ஊர் அரோராவில் பாலாஜி கோயில் இருப்பதால் என் மனைவிக்குக் குறை ஒன்றும் இல்லை, ஒன்றே ஒன்றைத் தவிர. வீட்டில் தீ இல்லை. சமையலறையில் இருப்பது கண்ணாடி போட்ட மின்சார அடுப்பு. தட்டு சிவக்கும், பால் பொங்கும், சாம்பார் கொதிக்கும். ஆனால் அப்பளம் சுட முடியாது. கத்தரிக்காய் சுட முடியாது. அவனில் வைத்து ஒருமுறை முயன்றாள். வெளியே எடுத்து, தோலை உரித்து, முகர்ந்து பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்: “வெந்திருக்குங்க. சுடலை.”

மூன்று பேருக்கும் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. கொத்சு செய்யாமலே அந்தக் கத்தரிக்காய் குப்பைக்குப் போனது.

அப்போதுதான் கொல்லைப்புறத்தில் இருந்த கரி அடுப்பு எங்கள் கண்ணில் பட்டது. ‘பார்பிக்யூ’ என்று அவர்கள் சொல்கிற உருண்டை அடுப்பு. கறுப்பு எனாமல் பூசிய அரை உருண்டைச் சட்டி, அதற்கு மேல் அதேபோல ஒரு மூடி, கீழே மூன்று கால். வீட்டை விற்றவர் விட்டுவிட்டுப் போனது. பெயர்த் தகடு எப்போதோ விழுந்துவிட்டதால் எந்தக் கம்பெனி என்றுகூடத் தெரியவில்லை.

அந்த வடிவத்துக்கு ஒரு கதை உண்டு. 1952-ல் சிகாகோவில் ஜார்ஜ் ஸ்டீஃபன் என்பவர் உலோகத் தகடு வேலை செய்யும் பட்டறையில் இருந்தார். ஏரியில் மிதக்கவிடும் மிதவைகளுக்கான இரும்பு உருண்டைகளை அந்தப் பட்டறை செய்துவந்தது. திறந்த அடுப்பில் சமைத்து அலுத்துப்போன அவர், அந்த உருண்டையை இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பாதிக்குக் கால் வைத்து, மேல்பாதியை மூடியாக்கிக்கொண்டார். மூடியிலும் அடியிலும் காற்றுத் துளை. துளையைத் திறந்தால் தணல் ஏறும், மூடினால் அடங்கும். இரண்டையும் அடைத்துவிட்டால் நெருப்பு அணைந்து, மிச்சக் கரி அடுத்த தடவைக்கு ஆகும். ஒரு தகரப் பட்டறைக்காரரின் மூளை என்று பார்த்தவுடன் தெரிகிறது. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

எங்கள் வீட்டு அடுப்பில் சட்டி நன்றாக இருந்தது, மூடி நன்றாக இருந்தது. கால்தான் ஆடியது. லேசாக அல்ல. மூடியைத் திறந்தால் மொத்த அடுப்பும் ஒரு பக்கம் சாய்ந்து, யோசித்து, திரும்பி வந்தது.

“வியாழக்கிழமை குப்பை வண்டி வரும். வாசல்ல வெச்சிடலாம் மாமா” என்றாள் மருமகள்.

“ஒரு கம்பி போட்டு இழுத்துக் கட்டினா சரியாயிடும்ப்பா” என்றான் மகன்.

அவ்வளவுதான். மருமகள் முகம் மாறிவிட்டது. “கம்பியா? எங்க அம்மாவும் கம்பிதான் கட்டியிருந்தாங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கல்யாணமாகி எட்டு வருடம். அவள் கணுக்காலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜூலை வெயிலிலும் முழு நீளப் பேன்ட்தான் போடுவாள். சின்ன வயதில் சுட்டுக்கொண்டது என்ற அளவில் எங்களுக்குத் தெரியும், அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. அன்று சாயந்தரம் அவளே சொன்னாள். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அவர்கள் வீடு. கேஸ் தீர்ந்துபோன நாட்களில் பரணிலிருந்து குமுட்டி அடுப்பு இறங்கும். அதில் ஒரு கால் ஆடும். கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். கம்பி சூட்டில் இளகும், திரும்ப முறுக்குவார்கள். ஒருநாள் பால் காய்ந்துகொண்டிருந்தபோது இவள் பக்கத்தில் ஓடிவந்தாள். பாலும் தணலும் சேர்ந்து சாய்ந்தன. அப்போது அவளுக்கு ஆறு வயது.

என் பேத்திக்கு இப்போது ஐந்து. வீட்டுக்குள் நடக்கவே தெரியாது, ஓட்டம்தான்.

எனவே பேச்சு கத்தரிக்காயைத் தாண்டிப் போய்விட்டது. “ஏம்மா, எனக்கு வியாழன் வரைக்கும் டயம் கொடு. உனக்குத் திருப்தி இல்லேன்னா நானே வாசல்ல கொண்டுபோய் வைக்கிறேன்” என்றேன். “திருப்தியான்னு நான்தான் சொல்வேன்” என்றாள். சரி என்றேன். பட்டறையிலும் அப்படித்தான். வேலை செய்தவனே அதைப் பாஸ் பண்ணக் கூடாது, இன்ஸ்பெக்டர் வேறு ஆளாக இருக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வீட்டில் எது ஆடினாலும் நாம் உடனே காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைக்கிறோம். நாலு கால் உள்ள மேஜைக்கு அது சரி. நாலு காலில் ஒன்று கொஞ்சம் குட்டையாக இருந்தாலோ, தரை மேடுபள்ளமாக இருந்தாலோ, அந்த ஒரு கால் அந்தரத்தில் நிற்கும், மேஜை ஆடும். ஆனால் மூன்று கால் எந்தத் தரையிலும் மூன்றும் ஒருசேரப் படியும். நம் பாட்டிமார் அடுப்புக்கு மூன்று கல் வைத்தது சும்மாவா? வயல் வரப்பில் வைத்தாலும் பானை ஆடாது. நிலம் அளப்பவர்களின் கருவிக்கும், போட்டோக்காரரின் கேமராவுக்கும் மூன்று கால் ஸ்டாண்ட் இருப்பதும் அதனால்தான்.

அப்படியானால் மூன்று கால் அடுப்பு ஏன் ஆடுகிறது? தரை மேல் பழி போட முடியாது. கால் நீளத்தின் மேலும் போட முடியாது. காலும் சட்டியும் சேரும் இடத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். அட்டை வைப்பவர் ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டே இருக்கலாம், ஆட்டம் நிற்காது.

இன்னொன்றும் உண்டு. மூன்று கால் ஆடாது, ஆனால் நாலு காலைவிடச் சுலபமாகக் கவிழும். மூன்று பாதங்களையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்துக்குள் மொத்த எடையும் விழுகிற வரை அடுப்பு நிற்கும். இரண்டு காலுக்கு நடுவில் இருக்கும் இடைவெளிப் பக்கமாகத் தள்ளினால் அந்தக் கோடு கிட்டத்தில் இருக்கிறது, சீக்கிரம் தாண்டிவிடும். கால் லூஸாக இருந்தால் அந்த முக்கோணமே இடம் மாறிக்கொண்டிருக்கும். மருமகள் பயந்தது சரியான பயம்.

சட்டியிலிருந்த பழைய சாம்பலை ஓர் இரும்பு வாளியில் கொட்டினோம். எப்போதோ அணைந்த சாம்பல்தான், இருந்தாலும் பிளாஸ்டிக் குப்பைப் பையில் கொட்ட நான் விடவில்லை. சாம்பலுக்குள் கங்கு ஒன்றிரண்டு நாள்கூட உயிரோடு கிடக்கும். பிறகு பழைய போர்வையை விரித்து அடுப்பைத் தலைகீழாகக் கவிழ்த்தோம். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டவைத்த கண்ணாடி. சிமென்ட் தரையில் போட்டால் சில்லு பெயரும், பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும்.

கவிழ்த்ததும் கதை புரிந்தது. சட்டியின் அடியில் மூன்று இரும்பு சாக்கெட் வெல்டு செய்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் ஓர் இன்ச் அலுமினியக் குழாய் இறுக்கமாகச் சொருகியிருக்க வேண்டும், அதுதான் கால். இரண்டு காலில் சக்கரம், ஒன்று மொட்டைக் கால். மொட்டைக் காலின் மேல்முனை முட்டை வடிவத்துக்கு விரிந்துபோயிருந்தது. சக்கரக் கால் ஒன்றும் சாக்கெட்டுக்குள் கடகடத்தது. மூன்றாவது மட்டும் கெட்டி.

இரும்பும் அலுமினியமும் உரசினால் தேய்வது அலுமினியம்தான். ஆனால் ஏன் இத்தனை உரசல்? கால்களின் பாதி உயரத்தில் உள்பக்கமாக ஒவ்வொரு துளை இருந்தது. அங்கே மூன்று காலையும் இணைத்து ஒரு கம்பிச் சட்டம் இருந்திருக்கிறது. அது காணாமல் போய்விட்டது. அது இல்லாததால் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கால்கள் தனித்தனியே அகன்று, மேல்முனை நெம்பி நெம்பித் தேய்ந்திருக்கிறது. வீட்டு ஸ்டூலின் குறுக்குக்கட்டை உடைந்த பிறகு எத்தனை நாளில் அது ஆட ஆரம்பிக்கிறது என்று நினைத்துப் பாருங்கள், அதே கதை.

“வெல்டிங் வெச்சிடலாமாப்பா?” என்றான் மகன். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, பாவம். அலுமினியத்தையும் இரும்பையும் சேர்த்து சாதாரண வெல்டிங் பிடிக்காது. பிடித்தாலும் அந்தச் சூட்டில் எனாமல் பொரிந்துவிடும். பசை? நம் ஊரில் குழாய்க்கும் தொட்டிக்கும் அப்புகிற எபாக்சி பசை எல்லாம் சூட்டில் இளகிவிடும். தணலுக்கு அரை அடி கீழே அது நிற்காது. நட்டு போல்ட்டுதான் வழி.

இத்தனை பெரிய வீட்டில் இருந்த ஆயுதங்கள்: ஒரு பேட்டரி ட்ரில், பீரோ கட்டில் வாங்கியபோது கூடவே வந்த எட்டு அலன் கீ. சுத்தியல் இல்லை. அரம் இல்லை. சுத்தியல் இல்லாத வீட்டில் எப்படித்தான் காமாட்சி விளக்குக்கு ஆணி அடித்தார்கள் என்று மனைவி கேட்டாள். ஒட்டும் கொக்கியாம்.

ஹார்டுவேர் கடைக்குப் போனோம். என்னைப் பொறுத்தவரை அமெரிக்காவில் பார்க்கவேண்டிய இடங்களில் அது ஒன்று. சின்னச் சின்ன டிராயர்களில் போல்ட்டும் வாஷரும் உதிரியாகக் கிடக்கின்றன, வேண்டியதை எண்ணி எடுத்துக்கொள்ளலாம். அளவு மட்டும் இன்ச்சில். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்துப் பழைய மெஷின்கள் எல்லாம் இன்ச் என்பதால் பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல இருந்தது. 3/16 இன்ச் எவர்சில்வர் போல்ட் ஒரு டஜன் எடுத்தேன். நட்டு எடுக்கும்போது மகன் நைலான் வளையம் வைத்த லாக் நட்டை நீட்டினான். நல்ல நட்டுதான், கழலாது. ஆனால் நெருப்புக்கு அடியில் அந்த நைலான் உருகிப்போகும். வெறும் இரும்பு நட்டு, ஸ்பிரிங் வாஷர், அது போதும். கூடவே அலுமினியப் பட்டை, ஒரு அரம், ஒரு வயர் பிரஷ், எமரி பேப்பர், சூடு தாங்கும் கறுப்புப் பெயின்ட். சுத்தியலும் வாங்கினோம். அது வீட்டுக்கு என் சீதனம்.

வேலை ஒரு மத்தியானம்தான். சாக்கெட்டுகளை வயர் பிரஷ்ஷால் துரு போகத் தேய்த்தேன். மொட்டைக் காலின் மேல்முனைதானே விரிந்திருந்தது? அடிமுனை புதிதுபோல இருந்தது. அடியிலிருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி, காலைத் தலைகீழாகத் திருப்பி, நல்ல முனையைச் சாக்கெட்டில் சொருகினேன். கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. விரிந்த முனையை அரத்தால் ராவி மூடியைப் போட்டுவிட்டேன். சக்கரக் காலை அப்படித் திருப்ப முடியாது, அச்சு துளை அடியில் இருக்கிறது. அதற்கு பேக்கிங் கொடுத்தேன். குடித்துப்போட்ட கூல்டிரிங்க் கேனைக் கத்தரித்து ஒரு பட்டை. அந்தத் தகடு ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் கனம். இரண்டு சுற்று சுற்றியதும் இடைவெளி அடைந்துவிட்டது. பட்டறையில் இதற்கென்று பித்தளைத் தகடு வைத்திருப்போம். இங்கே பேத்தி குடித்த ஆரஞ்சு சோடா.

பிறகு ட்ரில். சாக்கெட்டையும் காலையும் சேர்த்து ஊடுருவி ஒரே துளை. ஸ்குரூ மட்டும் போட்டால் மெல்லிய அலுமினியத்தில் மரை சீக்கிரம் தின்றுபோகும். ஊடுருவிப் போகும் போல்ட் என்றால் இரண்டு பக்கமும் பிடிக்கும். எனாமல் சிதறாமல் இருக்க டேப் ஒட்டி, ஆணியால் லேசாகப் புள்ளி குத்தி, மெதுவாக ஓட்டினேன். கண்ணுக்குக் கண்ணாடி. மருமகள் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போல்ட்டை இறுக்கும்போது, “இன்னும் டைட் பண்ணலாமே மாமா” என்றாள். ஸ்பிரிங் வாஷர் தட்டையாகும் வரை போதும், அதற்கு மேல் முறுக்கினால் குழாய் நசுங்கி மறுபடி லூஸாகும் என்றேன். அந்த ஒன்றை அவள் நன்றாகக் கேட்டுக்கொண்டாள் என்று தோன்றியது.

கெட்டியாக இருந்த காலுக்கும் ஒரு போல்ட் போட்டேன். கடைசியாக, பழைய துளைகளில் அலுமினியப் பட்டை மூன்றை முக்கோணமாகப் பூட்டினேன். பெயின்ட் பூசிய இடங்கள் காய ஒரு இரவு.

புதன்கிழமை இன்ஸ்பெக்‌ஷன். அடுப்பை மரத்தளத்தில் வைக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவாகியிருந்தது. ஒரு கங்கு விழுந்தால் பலகை பற்றும். சிமென்ட் போட்ட இடத்தில், வீட்டுச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தினோம். மருமகள் உள்ளே போய் 20 பவுண்டு அரிசிப் பைகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பெட்ஷீட்டில் சுற்றிச் சட்டிக்குள் வைத்தாள். கரியும் கத்தரிக்காயும் சேர்ந்தாலும் அதில் பாதிகூட வராது. பிறகு சுற்றிச் சுற்றி வந்து மூன்று பக்கமும் தள்ளினாள். குறிப்பாக, இரண்டு காலுக்கு நடுவே. நான் முக்கோணக் கதை சொன்னபோது காது கொடுத்திருக்கிறாள். அடுப்பு ஒரு முனகல்கூட இல்லாமல் நின்றது. மூடியைப் பத்துத் தடவை திறந்து மூடினாள். இழுத்துப் பார்த்தாள். கடைசியில் குனிந்து ஒவ்வொரு நட்டையும் விரலால் தொட்டாள்.

“சரி மாமா” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். பிறகு பேத்தியைக் கூப்பிட்டு கலர் சாக்பீஸைக் கையில் கொடுத்து, அடுப்பைச் சுற்றி மூன்றடி தள்ளி ஒரு வட்டம் போடச் சொன்னாள். “இந்தக் கோட்டுக்குள்ள யார் வரலாம்?” “பெரியவங்க மட்டும்.” “நீ?” “நான் வெளில.” பேத்தி வட்டத்துக்கு வெளியே பூ, நட்சத்திரம் எல்லாம் போட்டு அந்த இடத்தைத் தன் பங்காக எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை கரி வாங்கிவந்தான் மகன். தலையணைபோலச் சின்னச் சின்ன வில்லைகள். 1920-களில் கார் தயாரிப்பில் மிஞ்சிய மரத்தைக் கரியாக்கி இப்படி அழுத்தி விற்றவர்களில் ஹென்றி ஃபோர்டின் கம்பெனியும் ஒன்று என்று படித்திருக்கிறேன். காரும் விற்று கரியும் விற்ற மனிதர்! மழை வரும்போலிருந்தது. “கராஜுக்குள்ள வெச்சு கதவைத் திறந்துவெச்சா என்னப்பா?” என்றான் மகன். கூடவே கூடாது என்றேன். கரித் தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கூரைக்கு அடியில் தேங்கினால் ஆளைத் தூங்கவைத்தே கொண்டுபோய்விடும். மழை பெய்தால் கத்தரிக்காய் நாளைக்கு. நல்லவேளை, நாலு தூறலோடு நின்றது.

தணல் மேல் வெள்ளைச் சாம்பல் பூத்ததும் என் மனைவி நான்கு பெரிய கத்தரிக்காயில் எண்ணெய் தடவிக் கம்பித்தட்டில் வைத்தாள். தோல் வெடித்து, கருகி, சொட்டுச் சொட்டாக நீர் தணலில் விழுந்து புகை கிளம்பியது. மூன்று மாதமாக அந்த வாசனைக்கு ஏங்கியிருந்தவள் புகைக்குள்ளேயே நின்றுகொண்டு நகர மறுத்தாள். அப்பளம் இருபது சுட்டோம். எதிர்பார்க்காத ஒன்று, பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து, அது என்ன என்று கேட்டு, இரண்டு அப்பளம் வாங்கிப் போனார். கொத்சில் உப்பு ஒரு கல் குறைவு. சொல்லவில்லை.

அன்று ராத்திரி மருமகள் தன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டாள். கொல்லைப்புற அடுப்பைக் காட்டினாள். நட்டைக் கிட்டத்தில் காட்டினாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு சம்பந்தியம்மா, “உன் கால் எப்படி இருக்கு?” என்று கேட்டார். முப்பது வருடமாக அந்தத் தழும்பைப் பற்றி அம்மாவும் பெண்ணும் பேசிக்கொண்டதில்லையாம், பின்னால் மகன் சொன்னான். அப்போது அரை மணி நேரம் பேசினார்கள். நாங்கள் உள்ளே வந்துவிட்டோம்.

குமுட்டி அடுப்பு இன்னும் பரணில்தான் இருக்கிறதாம். கம்பியும் அப்படியே இருக்கிறதாம். தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, எடுத்துப் பார்க்கவும் மனசு வரவில்லை என்றாராம்.

எங்களுக்கு அக்டோபரில் டிக்கெட். மிச்சமிருந்த போல்ட்டுகளையும் ஸ்பிரிங் வாஷர்களையும் ஒரு பொட்டலமாகக் கட்டி, கையில் கொண்டுபோகும் பையில் வைக்காமல் பெட்டியில் வைத்துவிட்டேன். போகிற வாரமே கும்பகோணம். குமுட்டிக்கு மூன்று காலா, நாலு காலா என்று சம்பந்தியம்மாவிடம் போனில் விசாரித்தேன். நாலு என்றார்.

நாலு என்றால் தரையையும் பார்க்க வேண்டும்.